மாடல் கிராஃப்

பொறியியல் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் லேப் வியாழக்கிழமை மதியம். மெஸ் சாப்பாட்டின் கிறக்கத்தோடு டிசி ஷண்ட் மோட்டார் முன்னால் ஐந்து பேர் நிற்போம். ஒருவன் பிரேக் டிரம்மின் பெல்ட்டை இறுக்குவான். இன்னொருவன் டிரம் சூடாகாமல் தண்ணீர் ஊற்றுவான். இரண்டு பேர் மீட்டரையும் ஸ்பிரிங் பேலன்ஸையும் படித்துச் சொல்வார்கள். கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருந்ததால் நான் எழுதுவேன். லோட் ஏற ஏற எஃபிஷியன்சி உயர்ந்து, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்க வேண்டும். அப்படித்தான் லேப் மேனுவலில் ‘மாடல் கிராஃப்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வளைகோடு அச்சிட்டிருந்தது.

எங்கள் மோட்டார் அந்த மேனுவலைப் படிக்கவில்லை. புள்ளிகள் கொசு அடித்த சுவர் மாதிரி சிதறின. எனவே சீனியர்கள் சொல்லிக்கொடுத்ததைச் செய்தோம். முதலில் மாடல் கிராஃபைப் பார்த்துக் கோட்டை வரைந்தோம். அப்புறம் கோட்டிலிருந்து ரீடிங்கைப் படித்து அட்டவணையில் நிரப்பினோம். சந்தேகம் வராமல் இருக்க ஒன்றிரண்டு புள்ளிகளைக் கோட்டுக்குச் சற்று வெளியே வைத்தோம். மேடம் அப்சர்வேஷன் நோட்டில் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். ரெக்கார்டுக்குப் பத்துக்கு ஒன்பது.

தமிழ்நாட்டில் பொறியியல் படித்த யாரும் இதைப் படித்து அதிர்ச்சி அடையப்போவதில்லை. ஆனால் அந்த லேப் எனக்கு மோட்டாரைப் பற்றி எதுவும் சொல்லித்தரவில்லை, வேறொன்றைச் சொல்லித்தந்தது. விடை ஏற்கெனவே இருக்கிறது, அங்கே போய்ச் சேருவதுதான் என் வேலை, சேரவில்லை என்றால் தப்பு என் மேல். இந்தப் பாடத்தை மறக்க எனக்குப் பத்து வருடங்களுக்கு மேல் ஆனது. மறக்க உதவியது, ஒரு பொருளியல் மாணவர் செய்த வீட்டுப்பாடம்.

2012ஆம் ஆண்டின் பிற்பகுதி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம், ஆம்ஹெர்ஸ்ட் வளாகம். முனைவர் பட்ட மாணவர்களுக்கான எகனாமெட்ரிக்ஸ் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுக்கப்படுகிறது. வெளியான ஆய்வுக்கட்டுரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதே தரவை எடுத்து அதே முடிவுக்கு நீங்களும் வந்து காட்டுங்கள். எங்கள் லேப் மாதிரியேதான். விடை அச்சில் இருக்கிறது, மாணவன் அதற்கு வந்து சேர வேண்டும். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் தேர்ந்தெடுத்த கட்டுரை, கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் எழுதிய ‘கடன் காலத்தில் வளர்ச்சி’.

இருவரும் சாதாரண ஆட்கள் இல்லை. ரோகாஃப் சர்வதேச நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்தவர், ஹார்வர்ட் பேராசிரியர், போதாக்குறைக்கு சதுரங்க கிராண்ட்மாஸ்டர். எட்டு நூற்றாண்டு நிதி நெருக்கடிகளைப் பற்றி 2009இல் இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் இன்றும் மதிக்கப்படுவது, நானும் மதிக்கிறேன். 2010 கட்டுரை மிகச் சிறியது. வளர்ந்த நாடுகள் 20, ஆண்டுகள் 1946 முதல் 2009 வரை. ஒவ்வொரு நாட்டையும் ஒவ்வொரு ஆண்டும் அதன் அரசுக்கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று பார்த்து நான்கு பெட்டிகளில் போட்டார்கள்: 30க்குக் கீழ், 30 முதல் 60, 60 முதல் 90, 90க்கு மேல். ஒவ்வொரு பெட்டியிலும் சராசரி வளர்ச்சி என்ன? முதல் மூன்று பெட்டிகளில் 4.1, 2.8, 2.8. நான்காவதில் மைனஸ் 0.1. தொண்ணூறைத் தாண்டினால் பள்ளம்.

நல்ல மாடல் கிராஃப். ஒரே பார்வையில் மந்திரிகளுக்கும் புரியும். ஜார்ஜ் ஆஸ்போர்ன் பிரிட்டனின் நிதியமைச்சர் ஆவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2010 பிப்ரவரியில் நிகழ்த்திய உரையில் இதைச் சொன்னார். அமெரிக்கக் காங்கிரஸில் பால் ரயனின் பட்ஜெட் திட்டம் இதைச் சான்றாகக் காட்டியது. ஐரோப்பிய ஆணையத்தின் ஒல்லி ரேன் 2013 பிப்ரவரியில் நிதியமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில் அந்த 90 சதவீதம் இருந்தது.

ஹெர்ண்டனுக்கு மைனஸ் 0.1 வரவில்லை. பொதுவெளியில் கிடைத்த தரவை எப்படிப் போட்டுப் பார்த்தாலும் வரவில்லை. ஏதோ தவறு செய்கிறார் என்றே முதலில் ஆசிரியர்களும் நினைத்தார்கள். மாணவன் தவறு செய்வதும் பேராசிரியர்கள் தவறு செய்யாமல் இருப்பதும்தானே உலக வழக்கம். ஆனால் ஆசிரியர்களான மைக்கேல் ஆஷும் ராபர்ட் போலினும் ‘போய் மாடல் கிராஃபைப் பார்த்து வரைந்துகொண்டு வா’ என்று சொல்லவில்லை. மூல ஆசிரியர்களிடமே கேள் என்றார்கள். 2013 ஏப்ரலில் ரைன்ஹார்ட் தங்கள் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார். அதற்காக அவருக்கு ஒரு வணக்கம் வைக்க வேண்டும். கேட்டதும் கோப்பை அனுப்பும் ஆராய்ச்சியாளர்கள் அன்றும் இன்றும் குறைவு. அதே மாதம் ஹெர்ண்டன், ஆஷ், போலின் மூவரின் மறுப்புக்கட்டுரை வெளியானது. அப்போது ஹெர்ண்டனுக்கு 28 வயது.

அந்த மறுப்புக்கட்டுரையை நான் விமர்சன எழுத்தாகவே படிக்கிறேன். பிரதியை நெருங்கி வாசிப்பது என்று இலக்கிய விமர்சனத்தில் சொல்வோமே, இங்கே பிரதி ஒரு ஸ்ப்ரெட்ஷீட். வாசகன் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படிக்கிறான். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அதில் வரும் ஒரே ஒரு விஷயத்தை. சராசரி எடுக்கும் சூத்திரம் எல்30 முதல் எல்49 வரை போயிருக்க வேண்டும்; எல்44இல் நின்றுவிட்டது. மவுஸை இழுக்கும்போது ஐந்து வரிசை முன்னதாகவே விரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் வெளியே நின்றன. உலகமே சிரித்தது. ஹார்வர்ட் பேராசிரியருக்கு எக்செல் தெரியவில்லை!

நானும் அன்று சிரித்தவன்தான். ஆபீஸில் எங்கள் குழு சாட்டில் அந்தப் படத்தைப் பகிர்ந்தேன். பல வருடங்கள் கழித்து ஒரு மழைநாள் விடுமுறையில் மறுப்புக்கட்டுரையின் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, பேப்பரும் பேனாவுமாக நானே கணக்குப் போட்டேன். சிரித்தது தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. கட்டுரையின் சேதத்தில் அந்தப் பிழையின் பங்கு கொசுறு.

கணக்கை இங்கேயே போட்டுவிடலாம், நாலாம் வகுப்புக் கணக்குதான். அந்த எக்செலில் 90க்கு மேல் பெட்டியில் மிஞ்சிய நாடுகள் ஏழு. அவற்றின் சராசரி வளர்ச்சி: கிரீஸ் 2.9, அயர்லாந்து 2.4, இத்தாலி 1.0, ஜப்பான் 0.7, பிரிட்டன் 2.4, அமெரிக்கா மைனஸ் 2.0, நியூசிலாந்து மைனஸ் 7.9. கூட்டினால் மைனஸ் 0.5. ஏழால் வகுத்தால் மைனஸ் 0.07. அதுதான் அச்சில் மைனஸ் 0.1 ஆனது. உலகத்தின் நிதியமைச்சர்களைப் பயமுறுத்திய எண், ஏழு எண்களின் சராசரி.

இப்போது எக்செல் பிழையை மட்டும் திருத்துவோம். வெளியே நின்ற ஐந்தில் இந்தப் பெட்டிக்குள் புதிதாக வருவது பெல்ஜியம் மட்டும். 25 ஆண்டுகள், சராசரி 2.6. எட்டு நாடுகளின் சராசரி இப்போது 0.3. மைனஸ் 0.1இலிருந்து 0.3. பள்ளம் அப்படியே இருக்கிறது. எக்செல் மட்டும் சரியாக இருந்திருந்தால் ஆஸ்போர்னின் உரையில் ஒரு கமா கூட மாறியிருக்காது.

ஏழு எண்களையும் மறுபடி பாருங்கள். எந்த எண் துருத்திக்கொண்டு நிற்கிறது? நியூசிலாந்து. அதை எடுத்துவிட்டால் மற்ற ஆறின் சராசரி 1.2. அந்த மைனஸ் 7.9 எத்தனை ஆண்டுகளின் சராசரி? ஒரே ஆண்டு. 1951. (அதுவும் மைனஸ் 7.6 என்று இருக்க வேண்டியது, எடுத்தெழுதும்போது 7.9 ஆகிவிட்டது. அதை விடுங்கள்.) பிரிட்டனின் 2.4 என்பது 19 ஆண்டுகளின் சராசரி. ஆனால் நாட்டுக்கு ஓர் ஓட்டு என்று கணக்குப் போட்டதால் பிரிட்டனின் 19 ஆண்டுகளும் நியூசிலாந்தின் ஓர் ஆண்டும் தராசில் சமம்.

நியூசிலாந்து ஏன் ஓர் ஆண்டோடு நிற்கிறது? 1946 முதல் 1949 வரையும் அதன் கடன் 90க்கு மேல்தான். அந்த நான்கு ஆண்டுகளின் வளர்ச்சி 7.7, 11.9, மைனஸ் 9.9, 10.8. அவை கணக்கில் சேரவில்லை. அந்தக் காலத் தரவை அப்போது தாங்கள் இன்னும் சரிபார்த்து முடிக்கவில்லை என்பது ஆசிரியர்களின் விளக்கம். நான் நம்புகிறேன். வேண்டுமென்றே செய்திருந்தால் கோப்பை அனுப்பியிருக்க மாட்டார்கள். ஐந்து ஆண்டுகளையும் சேர்த்தால் நியூசிலாந்தின் சராசரி மைனஸ் 7.9இலிருந்து 2.6க்குத் தாவுகிறது.

ஒரு மென்பொருள்காரனாக என்னைத் தூங்கவிடாத இடம் இதற்கு அடுத்தது. நாட்டுக்கு ஓர் ஓட்டு என்ற முடிவு முட்டாள்தனமானதா? இல்லை. பிரிட்டனின் 19 ஆண்டுகளும் 19 தனித்தனி சாட்சிகள் அல்ல, ஒரே ஆள் 19 முறை சொன்ன சாட்சி. ஸ்குரூ கேஜில் ஒரே கம்பியைப் பத்து முறை அளந்துவிட்டுப் பத்துக் கம்பிகளை அளந்தேன் என்று சொல்ல முடியாது. ஆகவே அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. சரிபார்க்காத தரவைச் சேர்க்காமல் விட்டதிலும் நியாயம் இருக்கிறது. எல்லாத் தரவையும் சேர்த்துவிட்டு நாட்டுக்கு ஓர் ஓட்டு என்று வைத்தால் பத்து நாடுகளின் சராசரி 1.9. ஆண்டுக்கு ஓர் ஓட்டு என்று வைத்தால் 110 ஆண்டுகளின் சராசரி 2.2. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தரவு விடுபட்டிருக்கும்போது நாட்டுக்கு ஓர் ஓட்டு என்றால் மைனஸ் 0.1, அதே குறைப்பட்ட தரவில் ஆண்டுக்கு ஓர் ஓட்டு என்றால் 1.7. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு முடிவுகளையும் எந்தக் கோட் ரிவ்யூவிலும் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். இரண்டும் கைகோத்ததும் ஒரு நாட்டின் ஒரு கெட்ட ஆண்டு, உலகத்தின் பொருளாதார விதியாகிவிட்டது.

என் தொழிலில் நள்ளிரவில் எழுப்பிவிடும் பக்குகளில் பாதி இந்த ஜாதி. ஒருவர் காலியான மதிப்பைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்வார், இன்னொருவர் பூஜ்யத்தைப் பார்த்தால் தவணை முடிந்தது என்று எடுத்துக்கொள்வார். இருவர் சொல்வதும் ஆவணத்தில் இருக்கும், இருவரும் நல்லவர்கள். எக்செலில் ஐந்து வரிசை விட்டுப்போனது மாதிரிப் பிழைகளை இயந்திரமே கண்டுபிடித்துவிடும். இவற்றைக் கண்டுபிடிக்க யாராவது ஒருவர் எல்லாவற்றையும் அடியிலிருந்து மறுபடி கட்டிப் பார்க்க வேண்டும்.

மறுப்புக்கட்டுரை மேலும் எனக்கு விமர்சனங்கள் உண்டு. அதன் தொனியிலும், அதைச் சுற்றி எழுந்த கூச்சலிலும் எக்செல் பிழைக்குத் தகுதிக்கு மீறிய இடம் கிடைத்துவிட்டது. கேலிக்கு வசதியாக இருந்ததே காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் திருத்திய கணக்கிலும் 60 முதல் 90 பெட்டியில் 3.2, 90க்கு மேல் 2.2. அதாவது கடன் கூடிய இடத்தில் வளர்ச்சி குறைவாகத்தான் இருக்கிறது. ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் எக்செல் பிழையை உடனே ஒப்புக்கொண்டு, இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். பள்ளம் இல்லை, சரிவு உண்டு என்பதே நேர்மையான வாசகம். ஆனால் சரிவை வைத்து எந்த நிதியமைச்சரும் பயமுறுத்த முடியாது. 89 பாதுகாப்பு, 91 ஆபத்து என்று சொல்ல ஒரு விளிம்பு வேண்டும். போய்விட்டது அந்த விளிம்பு.

அடுத்த கேள்வி, கடன் கூடியதால் வளர்ச்சி குறைந்ததா, வளர்ச்சி குறைந்ததால் கடன் விகிதம் கூடியதா? பின்னத்தில் கீழே இருப்பது உற்பத்தி. அது சுருங்கினால் ஒரு ரூபாய் புதிதாகக் கடன் வாங்காமலே விகிதம் ஏறும். அதே ஆம்ஹெர்ஸ்ட் துறையைச் சேர்ந்த அரிந்திரஜித் துபே அதே மாதம் அதே தரவை எடுத்து, கடன் விகிதம் வரப்போகும் ஆண்டுகளின் வளர்ச்சியைவிடக் கடந்துபோன ஆண்டுகளின் வளர்ச்சியோடுதான் அதிகம் ஒட்டிப்போகிறது என்று காட்டினார். எனக்கு ஹெர்ண்டனின் திருத்தத்தைவிட இது முக்கியம். ஆனால் இதில் சிரிக்க ஒன்றும் இல்லை, ஆகவே செய்தியாகவில்லை.

இந்தக் கட்டுரையால்தான் ஐரோப்பா பட்டினி கிடந்தது என்று சொல்பவர்களோடும் நான் சேர மாட்டேன். கிரீஸ் வெட்டியது கடன் கொடுத்தவர்களின் நிபந்தனையால். 2013இல் அங்கே வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியதற்கு ஏழு எண்களின் சராசரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. வெட்டத் தீர்மானித்தவர்களின் கையில் அது ஒரு மாடல் கிராஃபாக இருந்தது, அவ்வளவுதான். கோடு முதலில், ரீடிங் அப்புறம்.

இந்த இடத்தில் இன்னொரு லேப் நினைவுக்கு வருகிறது. அதுவும் ஒரு நியூசிலாந்துக்காரரின் கைவேலை. பில் ஃபிலிப்ஸ் மின்பொறியாளர். இரண்டாம் உலகப்போரில் ஜாவாவில் ஜப்பானியரின் கைதியாக இருந்தவர், முகாமில் ரகசியமாக ரேடியோ செய்தவர். போருக்குப் பின் லண்டன் பொருளியல் பள்ளியில் படிக்க வந்தார். பொருளியல் புரியவில்லை, புரியாததைச் செய்து பார்க்கலாம் என்று கிராய்டனில் ஒரு கராஜில் உட்கார்ந்து, பழைய போர்விமானத்தின் உதிரிகளையும் சேர்த்து, சாயமேற்றிய தண்ணீர் ஓடும் இரண்டு மீட்டர் உயர இயந்திரம் ஒன்றைக் கட்டினார். தண்ணீர்தான் நாட்டின் வருமானம். ஒரு குழாயில் வரி பிரிந்து போகும், ஒன்றில் சேமிப்பு, ஒன்றில் இறக்குமதி. வால்வைத் திருகினால் தொட்டிகளின் மட்டம் மாறும், பேனா தானே வரைபடம் போடும். 1949 நவம்பரில் பேராசிரியர்கள் முன்னால் அதை ஓட்டிக்காட்டினார். சிரிக்க வந்தவர்கள் வாயடைத்துப்போனார்கள் என்பது அந்தப் பள்ளியில் இன்றும் சொல்லப்படும் கதை.

ஜேம்ஸ் மீட் அதை வைத்துப் பாடம் நடத்திய விதம் அழகு. ஒரு மாணவர் நிதியமைச்சர், வரி வால்வு அவர் கையில். இன்னொருவர் இங்கிலாந்து வங்கியின் கவர்னர், வட்டி வால்வு அவர் கையில். இருவருக்கும் இலக்கு ஒன்றே. ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் திருக, தண்ணீர் ஏறி இறங்கித் தத்தளிக்கும். நிதிக்கொள்கையும் பணக்கொள்கையும் ஒத்துப்போக வேண்டும் என்று பாடப்புத்தகம் இருபது பக்கத்தில் சொல்வதை அந்த மாணவர்கள் மணிக்கட்டில் உணர்ந்திருப்பார்கள்.

பொறியாளன் என்ற முறையில் எனக்கு ஃபிலிப்ஸ் மேல் தனிப்பாசம். ஆனாலும் அந்த இயந்திரம் ஒன்றைச் சொல்லித்தராது. வருமானம் இவ்வளவு கூடினால் மக்கள் இவ்வளவு செலவழிப்பார்கள் என்ற உறவு, ஒரு பெர்ஸ்பெக்ஸ் தகட்டில் வெட்டிய பள்ளமாக உள்ளே இருந்தது. தகட்டை மாற்றலாம், வேறு வடிவில் வெட்டிப் போடலாம். ஆனால் எந்த வடிவம் உண்மை என்று தண்ணீருக்குத் தெரியாது. வால்வைத் திருகும் மாணவன் கொள்கையின் விளைவைப் பார்க்கிறான். தகட்டை வெட்டியது யார், எந்தத் தரவைப் பார்த்து, எந்த ஆண்டுகளை விட்டுவிட்டு என்று கேட்கும் சந்தர்ப்பம் அவனுக்கு வராது. ஹெர்ண்டனின் வீட்டுப்பாடம் நடந்தது அந்தத் தகட்டுப் பட்டறையில்.

இன்று அந்தப் பட்டறைக்கு நிறுவன வடிவமே வந்துவிட்டது. அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2018இல் தன் இதழ்களுக்குத் தரவு ஆசிரியர் என்று ஒருவரை நியமித்தது. கட்டுரையை அச்சேற்றும் முன் அதன் தரவையும் நிரலையும் வாங்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். அப்படிப் பொறுப்பேற்ற லார்ஸ் வில்ஹூபரின் கார்னெல் பல்கலைக்கழக லேபில் ஓட்டிப் பார்ப்பவர்களில் இளங்கலை மாணவர்களும் உண்டு. கோப்பைத் திறந்து, நிரலை ஓட்டி, கட்டுரையின் அட்டவணையில் இருக்கும் எண் திரையில் வருகிறதா என்று பார்த்து அறிக்கை எழுதுகிறார்கள். இருபது வயதில் இந்த வேலை கிடைப்பது கொடுப்பினை. எனக்குக் கிடைத்திருந்தால் மோட்டாருக்குப் பொய் ரீடிங் போட்டிருக்க மாட்டேன் என்றுகூடத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு சங்கடம். ரைன்ஹார்ட், ரோகாஃபின் எக்செலை அப்படி ஒரு லேபில் ஓட்டிப் பார்த்தால் என்ன வரும்? மைனஸ் 0.1. கட்டுரையில் என்ன இருக்கிறது? மைனஸ் 0.1. பாஸ். கோப்பு கட்டுரையோடு கச்சிதமாக ஒத்துப்போகிறது. கவனமான மாணவர் யாராவது சூத்திரத்தைச் சொடுக்கிப் பார்த்தால் எல்44 கண்ணில் படலாம். 1951 படாது, ஏனென்றால் அங்கே பிழை என்று சிவப்பில் காட்ட எதுவும் இல்லை. ஹெர்ண்டனுக்கு அது அகப்பட்டது அவரிடம் முதலில் கோப்பு இல்லாததால். வெறும் தரவை வைத்துக்கொண்டு, எந்த ஆண்டிலிருந்து எடுப்பது, எதை எதோடு சேர்ப்பது, நாட்டுக்கா ஆண்டுக்கா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் அவரே முடிவெடுக்க வேண்டியிருந்தது. முடிவெடுத்தவனுக்குத்தான் அங்கே ஒரு முடிவு இருந்தது என்பதே தெரியும். கோப்பு முதல் நாளே கிடைத்திருந்தால் ஓட்டிப் பார்த்து, விடை வந்துவிட்டது என்று வேறு வேலை பார்த்திருப்பாரோ என்னவோ.

சரிபார்ப்பு லேப் வேண்டாம் என்று சொல்லவில்லை. மென்பொருளில் டெஸ்ட் வேண்டாம் என்று சொல்பவனை நான் வேலைக்கே எடுக்க மாட்டேன். கொள்கைப் பகுப்பாய்வைக் கற்றுக்கொள்ள வந்தவருக்கு அது போதாது என்கிறேன். ஓட்டிப் பார்ப்பது ஒரு வேலை, இல்லாததிலிருந்து கட்டிப் பார்ப்பது இன்னொரு வேலை. பல்கலைக்கழகங்கள் முதலாவதற்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கின்றன. நம் ஊரில் அதுவும் இல்லை.

என் சித்தி மகள் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். எகனாமெட்ரிக்ஸ் பேப்பர் உண்டு, லேப் கிடையாது. ரிக்ரெஷன் சூத்திரத்தைக் கையால் தருவித்துப் பதினைந்து மார்க் வாங்குவார்கள், ஒரு நிஜ அட்டவணையைத் தொட்டதில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது, ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் கடன் என்று டிவியில் ஓடியது. அன்று சித்தி எனக்குப் போன் போட்டு, “நம்ம யார்கிட்டப்பா கடன் வாங்கினோம்?” என்று நிஜமான பயத்தோடு கேட்டார். மாநில உற்பத்தியால் வகுத்தால் ஒரு சதவீதம், குடும்பங்களால் வகுத்தால் ஒரு மிரட்டல். மேலே இருப்பது ஒரே கடன்தான் என்று அவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அந்தப் பத்து நாடுகளின் பெயரையும் ஆண்டுகளின் எண்ணிக்கையையும் சராசரியையும் ஒரு தாளில் எழுதி சித்தி மகளிடம் கொடுத்தேன். கதையைச் சொல்லவில்லை. அதிகக் கடன் இருந்தால் வளர்ச்சி எவ்வளவு என்று ஓர் எண் சொல்லு என்றேன், அவ்வளவுதான். அவள் போனில் கால்குலேட்டரைத் திறந்து பத்தையும் கூட்டி வகுத்து 1.9 என்றாள். அப்புறம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏண்ணா, பெல்ஜியத்துக்கு 25 வருஷம் போட்டிருக்கு, அமெரிக்காவுக்கு 4தான் இருக்கு. ரெண்டையும் ஒண்ணாக் கூட்டலாமா?” என்றாள். உன் இஷ்டம் என்றேன். அப்படிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. பரீட்சையில் இஷ்டம் என்று ஒரு விடை கிடையாது.

மறுபடி போட்டு 2.2 என்றாள். அமெரிக்காவுக்கு மட்டும் ஏன் மைனஸ் என்று கேட்டாள். அந்த நான்கு ஆண்டுகள் 1946 முதல் 1949 வரை; போர் முடிந்து ஆயுதத் தொழிற்சாலைகள் நின்று, லட்சக்கணக்கான சிப்பாய்கள் வீடு திரும்பிய காலம் என்றேன். “அப்போ அது கடனால வந்த மைனஸ் இல்லையே, சண்டை நின்னதால வந்தது” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. நியூசிலாந்துக்கு நேராக நான் எழுதியிருந்த ஐந்து ஆண்டுகளின் வளர்ச்சியையும் பிரித்துக் கேட்டாள். 7.7, 11.9, மைனஸ் 9.9, 10.8, மைனஸ் 7.6 என்று எழுதிக் கொடுத்தேன். இது என்ன ஈசிஜி மாதிரி இருக்கு என்று சிரித்தாள்.

“சரி, அம்பத்தொண்ணுல அங்க என்னதான் நடந்துச்சு?”

துறைமுகத் தொழிலாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் நடந்த தகராறில் 151 நாட்கள் நியூசிலாந்தின் துறைமுகங்கள் முடங்கிக் கிடந்தன, அரசு நெருக்கடிச் சட்டம் போட்டு ராணுவத்தை வைத்துக் கப்பல்களில் சரக்கு ஏற்றியது, கொரியப் போரால் உச்சிக்குப் போயிருந்த கம்பளி விலையும் அந்த ஆண்டு சரிந்தது என்றேன். இதில் எது எவ்வளவு காரணம் என்று கேட்டாள். அடுப்படியிலிருந்து சித்தி, “பொங்கல் ஆறுது, ரெண்டு பேரும் எந்திரிச்சு வாங்க” என்றார். அவள் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.